மேஸ்திரி இல்லாமல் கட்டடமா? – ஜாவாஸ்கிரிப்ட் பில்ட் டூல்கள்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஒரு வெப்சைட் செய்ய என்னென்ன தெரிய வேண்டும் என்று கேட்டால், ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று முதலாண்டு மாணவரும் சொல்லிவிடுவார். ஆனால் இறுதியாண்டு புராஜெக்ட் என்று வந்து நிற்கும்போது கிரண்ட், கல்ப், வெப்பேக், வீட் என்று புதுப்புதுப் பெயர்கள் முளைத்து நம்மைப் பயமுறுத்துகின்றன. சீனியர் ஒன்றைச் சொல்கிறார், வீடியோவில் வேறொன்றைச் சொல்கிறார்கள், வேலை விளம்பரத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. "எதைத்தாம்ப்பா படிக்கிறது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்காராதவர் நம்மில் குறைவு.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். இதில் எது நல்லது என்று வீட்டில் கேட்க ஆள் கிடையாது. ஒரு டூலின் பெயரைச் சொல்லிப் பணம் கட்டச் சொன்னால், அது தேவைதானா என்று நாமே எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எடைக்கல்லைத் தேடித்தான் இந்தக் கட்டுரை. டூல்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். அவை செய்கிற வேலை மாறுவதில்லை. அந்த வேலையைப் புரிந்துகொண்டால் எந்தப் பெயர் வந்தாலும் பயமில்லை.

1. பில்ட் என்றால் என்ன?

நாம் எழுதும் புரோகிராம் வேறு, பிரவுசருக்குப் போய்ச் சேர வேண்டிய புரோகிராம் வேறு. நாம் எழுதுவது நாம் படித்துப் புரிந்துகொள்வதற்காக: இடைவெளி, குறிப்புரை, நீளமான பெயர்கள், தனித்தனி ஃபைல்கள் எல்லாம் இருக்கும். பிரவுசருக்கு இவை தேவையில்லை. அதற்குச் சீக்கிரம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம். ஜேக்வெரி 3.7.1 பதிப்பின் முழு ஃபைல் சுமார் 285 கிலோபைட். இடைவெளிகளையும் குறிப்புரைகளையும் நீக்கி, உள் பெயர்களைச் சுருக்கினால் சுமார் 87 கிலோபைட். அதையே சர்வர் ஜிஸிப் செய்து அனுப்பினால் சுமார் 30 கிலோபைட். செய்யும் வேலை ஒன்றுதான். சுமை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சிக்னல் சரியாக இல்லாத ஊரில் போனில் திறப்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஃபைல்களை ஏன் ஒன்றாகச் சேர்க்கிறோம்? பழைய ஹெச்டிடிபி 1.1 முறையில், பிரவுசர் ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் 6 இணைப்புகள்தான் வைத்துக்கொள்ளும். 40 ஃபைல்கள் இருந்தால் மற்றவை வரிசையில் நிற்க வேண்டியதுதான். 2015-ஆம் ஆண்டு வந்த ஹெச்டிடிபி 2 இந்தக் கஷ்டத்தைப் பெரிதும் குறைத்தது. ஆனாலும் ஒரு ஃபைல் இன்னொன்றைக் கேட்டு, அது மூன்றாவதைக் கேட்டு என்று சங்கிலியாகப் போனால் தாமதம் தாமதம்தான். ஆகவே சேர்க்கும் வேலை இன்னும் ஒழியவில்லை.

ஆக, பில்ட் என்பது நாம் எழுதியதைப் பிரவுசருக்கு ஏற்றபடி ஆக்கும் வேலைகளின் தொகுப்பு. பில்ட் டூல் என்பது அந்த வேலைகளை நமக்காக நடத்திக்கொடுப்பது.

2. மேஸ்திரியின் மூன்று கேள்விகள்

என் அப்பா கொத்தனார். கட்டட வேலையில் மேஸ்திரி என்று ஒருவர் இருப்பார். அவர் கரண்டி பிடிக்காத நாளும் உண்டு. ஆனால் அவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது. அவர் மனதில் எப்போதும் மூன்று கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும்.

(அ) எது முதலில், எது பிறகு? வானம் தோண்டாமல் கடைக்கால் இல்லை. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டாமல் கான்கிரீட் இல்லை.

(ஆ) எவற்றை ஒரே நேரத்தில் செய்யலாம்? சுவர் எழும்பும்போதே ஆசாரி ஒரு பக்கம் நிலைக்கதவு இழைக்கலாம்.

(இ) எதில் மாற்றம் வந்தது? ஒரு சுவர் சரியில்லை என்றால் அந்தச் சுவரை மட்டும்தான் இடித்துக் கட்டுவோம். வீட்டையே இடிக்க மாட்டோம்.

பில்ட் டூலும் ஒரு மேஸ்திரிதான். சுருக்குவது அது அல்ல. சுருக்கும் கொத்தனார் அக்லிஃபை, டெர்சர் போன்ற தனி புரோகிராம்கள். இனி நாம் பார்க்கப்போகும் ஒவ்வொரு டூலிடமும் மேற்சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்போம்.

நம் மாதிரி வேலை: கல்லூரி நூலகப் பட்டியலுக்கு ஒரு வெப்சைட். மெயின், லிஸ்ட், சர்ச் என்று 3 ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள். ஸ்டைல் என்று ஒரு சாஸ் ஃபைல். முதலில் ஜாவாஸ்கிரிப்டில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு மூன்றையும் ஒன்றாக்க வேண்டும், பிறகு சுருக்க வேண்டும். சாஸை சிஎஸ்எஸ் ஆக்குவது தனி வேலை. அது பக்கத்திலேயே நடக்கலாம். எல்லாம் முடிந்து டிஸ்ட் என்ற ஃபோல்டரில் வந்து சேர வேண்டும்.

3. தாத்தா: மேக்

எல்லா பில்ட் டூல்களுக்கும் தாத்தா மேக். 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அவருடன் பணிபுரிந்த ஒருவர், சரியாகத் திருத்தப்பட்ட புரோகிராமில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதையே வீணாக்கினார். காரணம், திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்யவில்லை; ஓடிக்கொண்டிருந்தது பழையதே. இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் மேக் பிறந்தது. இதற்காக ஃபெல்ட்மனுக்கு 2003-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் சாஃப்ட்வேர் சிஸ்டம் விருது கிடைத்தது.

மேக்கில் ஒவ்வொரு விதிக்கும் மூன்று பகுதிகள்: கிடைக்க வேண்டிய ஃபைல், அதற்குத் தேவையான ஃபைல்கள், செய்ய வேண்டிய கட்டளை. தேவையான ஃபைலின் நேரம், கிடைத்த ஃபைலின் நேரத்தைவிடப் புதிதாக இருந்தால் மட்டும் கட்டளை ஓடும். நாம் சர்ச் ஃபைலைத் திருத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் வேலை மட்டும் நடக்கும். சிஎஸ்எஸ் பக்கம் மேக் திரும்பியும் பார்க்காது. மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

குறைகள்: கட்டளை வரியின் முன்னால் டேப் வைக்க வேண்டும், ஸ்பேஸ் வைத்தால் எர்ரர். விண்டோஸில் தானாக வராது. அழிக்க, காப்பி செய்ய எழுதும் லினக்ஸ் கட்டளைகளும் விண்டோஸில் அப்படியே ஓடாது. மேலும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் எதையெல்லாம் இம்போர்ட் செய்கிறது என்று மேக்குக்குத் தானாகத் தெரியாது; நாம்தான் சொல்ல வேண்டும்.

4. கிரண்ட்: சொன்னதைச் செய்யும் பிள்ளை

2009-ஆம் ஆண்டு ரையன் டால் நோட்.ஜேஎஸ்ஸை வெளியிட்ட பிறகு, ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசரை விட்டு வெளியே வந்து ஃபைல்களைக் கையாளத் தொடங்கியது. 2010-இல் என்பிஎம் வந்தது. அந்த மண்ணில் 2012-இல் முளைத்தது கிரண்ட். எழுதியவர் பென் ஆல்மன்.

கிரண்டில் நாம் புரோகிராம் எழுதுவதைவிட ஒரு படிவத்தை நிரப்புகிறோம் என்று சொல்லலாம். எந்த பிளக்இன், எந்த ஃபைல், எங்கே போட வேண்டும் என்று எழுதிவைத்தால் போதும். கடைசியில் வேலைகளை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கிவிட்டால், அதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். படித்தாலே புரியும் என்பது இதன் பெரிய பலம்.

பலவீனம் என்ன? ஒரு வேலை முடிந்ததும் விளைவை டிஸ்கில் எழுதும். அடுத்த வேலை அதை டிஸ்கிலிருந்து மறுபடி படிக்கும். ஒருவர் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போக, அடுத்தவர் வந்து குனிந்து எடுப்பது போல. சிறிய வேலைக்குப் பரவாயில்லை. ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் ஆனால் நேரம் ஆகும். மாறிய ஃபைலை மட்டும் பார்ப்பதற்கும் தனி பிளக்இன் போட வேண்டும்.

5. கல்ப்: கைமாறும் சட்டி

கான்கிரீட் போடும் நாளில் பார்த்திருப்பீர்கள். கீழேயிருந்து மாடி வரை ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைக்குக் கை மாற்றுவார்கள். சட்டி தரையைத் தொடாது. 2013-இல் எரிக் ஷாஃப்ஸ்டால் எழுதிய கல்ப் இந்த முறையில் வேலை செய்கிறது. ஃபைலை ஒருமுறை படிக்கும். அது ஸ்ட்ரீமாக பைப் வழியே ஒவ்வொரு வேலையாகக் கடந்து போகும். முடிவில் ஒரே தடவை டிஸ்கில் எழுதும். இடையில் தற்காலிக ஃபைல்கள் கிடையாது.

கல்பில் நிரப்ப வேண்டிய படிவம் இல்லை. நாம் எழுதுவது நேரடியான ஜாவாஸ்கிரிப்ட். 2018 டிசம்பரில் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து சீரீஸ், பேரலல் என்று இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. நம் மாதிரியில் பிழை பார்ப்பது, சேர்ப்பது, சுருக்குவது மூன்றும் சீரீஸில். அதற்குப் பக்கத்தில் சாஸ் வேலை பேரலலில். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அழகான பதில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பாடங்களைப் பார்த்து கல்ப் 3-ஆம் பதிப்பைப் போட்டால், 2019-இல் வந்த நோட் 12 முதல் அது ஓடாது. "பிரைமார்டியல்ஸ் இஸ் நாட் டிஃபைன்ட்" என்று ஒரு எர்ரர் வந்து நிற்கும். நம் புரோகிராமில் தவறு எதுவும் இருக்காது. பதிப்புகள் ஒத்துவராததுதான் காரணம். பாடம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

6. என்பிஎம் ஸ்கிரிப்ட்: சுவரில் எழுதிய சீட்டு

"தனியாக ஒரு மேஸ்திரி எதற்கு? கொத்தனாருக்கே நேரடியாகச் சொன்னால் என்ன?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கிரண்டிலும் கல்பிலும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பிளக்இன் வேண்டும். மூலப் புரோகிராமில் புதுப் பதிப்பு வந்தால் பிளக்இன் எழுதியவர் அதைத் திருத்தும் வரை நாம் காத்திருக்க வேண்டும்.

என்பிஎம்முடன் வரும் பேக்கேஜ்.ஜேசன் ஃபைலில் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. அதில் கட்டளைகளைப் பெயரிட்டு எழுதிவைத்து, "என்பிஎம் ரன் பில்ட்" என்று அடித்தால் போதும். பில்டுக்கு முன் நடக்க வேண்டியதை ப்ரீபில்ட் என்றும், பின் நடக்க வேண்டியதைப் போஸ்ட்பில்ட் என்றும் எழுதினால் அவை தானாகவே அந்த இடத்தில் ஓடும். தனியாக இன்ஸ்டால் செய்ய எதுவுமில்லை.

ஆனால் எது மாறியது என்று இதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் எல்லா வேலையும் நடக்கும். வேலைகள் பத்தைத் தாண்டினால் ஒரே வரியில் கட்டளைகள் நீண்டு கண்ணைக் கட்டும். விண்டோஸ், லினக்ஸ் வித்தியாசம் இங்கேயும் உண்டு. சிறிய புராஜெக்ட்டுக்கு இதுவே போதுமானது.

7. வெப்பேக்கும் வீட்டும்: பிளானைத் தானே வரையும் இஞ்சினியர்கள்

இதுவரை பார்த்தவை வேலைகளை நடத்துபவை. வெப்பேக் வேறு இனம், அது பண்ட்லர். டோபியாஸ் காப்பர்ஸ் 2012-இல் தொடங்கியது. மெயின் ஃபைலை மட்டும் காட்டினால் போதும். அது எதை இம்போர்ட் செய்கிறது, அது எதைச் செய்கிறது என்று தானே தேடிப் போய் ஒரு முழு வரைபடம் போட்டுவிடும். மேக்கில் நாம் கையால் எழுதிய தொடர்புகளை வெப்பேக் தானே கண்டுபிடிக்கிறது. சிஎஸ்எஸ், படம் போன்றவற்றையும் லோடர் போட்டு இம்போர்ட் செய்யலாம். 2020-இல் வந்த 5-ஆம் பதிப்பில், முன்பு செய்த வேலையை டிஸ்கில் சேமித்து அடுத்த முறை பயன்படுத்தும் வசதியும் வந்தது. குறை, இதன் கான்ஃபிக் ஃபைல் சுலபத்தில் பிடிபடாது என்பதுதான். இரண்டு பக்க வெப்சைட்டுக்கு இதை வைப்பது குருவி தலையில் பனங்காய்.

2020-இல் ஈவன் யூ வெளியிட்டது வீட். பிரெஞ்சு மொழியில் "வேகமாக" என்று பொருள். "வைட்" என்று சொல்லக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டின் 2015 விதிகளில் இம்போர்ட் முறை சேர்ந்தது. பிறகு பிரவுசர்களே அதைப் புரிந்துகொள்ளத் தொடங்கின. வீட் இதைப் பயன்படுத்திக்கொண்டது. நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது அது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவதில்லை. பிரவுசர் எந்த ஃபைலைக் கேட்கிறதோ அதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. அதனால் உடனே தொடங்கிவிடும். இறுதி வெளியீட்டுக்கு மட்டும் முழு பண்டில். தொடக்கத்தில் இதற்கு ரோலப்பையும், வேகத்துக்காக கோ மொழியில் எழுதப்பட்ட ஈஎஸ்பில்டையும் பயன்படுத்தியது.

வீட் டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும், ஆனால் டைப் சரிதானா என்று பார்க்காது. அதற்கு டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரைத் தனியாக ஓட்ட வேண்டும். பில்ட் வெற்றி என்று வந்தாலே எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது.

8. ஒப்பீட்டுச் சுருக்கம்

மேக்: மாறியதை மட்டும் செய்வதில் சிறப்பு. விண்டோஸில் சிரமம். பல மொழிகள் கலந்த புராஜெக்ட்டுக்கு ஏற்றது.
கிரண்ட்: படிக்க எளிது. டிஸ்க் வேலை அதிகம். பழைய புராஜெக்ட்டைப் பராமரிக்கத் தெரிந்திருக்க வேண்டியது.
கல்ப்: ஸ்ட்ரீம் முறை. வரிசையும் இணைவேலையும் சுலபம். பல ஃபைல்களை ஒரே மாதிரி மாற்றும் வேலைக்கு ஏற்றது.
என்பிஎம் ஸ்கிரிப்ட்: தனி டூல் வேண்டாம். சிறிய வேலைக்குப் போதும். மற்ற எல்லா டூல்களையும் அழைக்கும் வாசலும் இதுதான்.
வெப்பேக்: தொடர்புகளைத் தானே கண்டுபிடிக்கும். கான்ஃபிக் கடினம். பெரிய, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட்டுகளில் சந்திப்போம்.
வீட்: தொடங்குவது வேகம், கான்ஃபிக் குறைவு. புதிதாகத் தொடங்கும் வெப் ஆப்புக்கு ஏற்றது.

9. புராஜெக்ட் செய்யும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

(1) நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைப் பென் டிரைவில் சுமக்காதீர்கள். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். காப்பி ஆவதற்குள் லேப் நேரம் முடிந்துவிடும். உங்கள் சோர்ஸோடு பேக்கேஜ்.ஜேசன், லாக் ஃபைல் இரண்டும் இருந்தால் நெட் உள்ள இடத்தில் மறுபடி கொண்டுவந்துவிடலாம்.

(2) லாக் ஃபைலை அழிக்காதீர்கள். 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்பேட் என்ற வெறும் 11 வரி பேக்கேஜ் என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டதும், உலகெங்கும் ஆயிரக்கணக்கான பில்டுகள் நின்றுபோயின. அதன் பிறகு, பேக்கேஜை நீக்கும் விதிகளை என்பிஎம் கடுமையாக்கியது. நம் பில்ட் எத்தனை பேர் தோளில் நிற்கிறது என்பதற்கு இது சாட்சி. எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று துல்லியமாகக் குறித்துவைப்பதுதான் லாக் ஃபைல். லாக்கில் உள்ளபடியே இன்ஸ்டால் ஆக "என்பிஎம் சிஐ" கட்டளை உண்டு.

(3) வீட் பில்ட் செய்த இன்டெக்ஸ் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் வெள்ளைப் பக்கம்தான் வரும். பதற வேண்டாம். மாட்யூல் ஃபைல்களைப் பிரவுசர் நேரடியாக டிஸ்கிலிருந்து ஏற்காது. ஒரு சர்வர் வேண்டும். "வீட் பிரிவ்யூ" கட்டளை போதும். சர்வரில் உட்ஃபோல்டரில் வைப்பதாக இருந்தால் கான்ஃபிக்கில் பேஸ் என்பதை மாற்ற வேண்டும். டெமோவுக்கு முதல் நாளே இதைச் சோதித்துவிடுங்கள்.

(4) திருத்தியும் பழைய பக்கமே தெரிகிறதா? பிரவுசர் கேஷ் காரணமாக இருக்கலாம். ஃபைல் பெயரோடு அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷ் எழுத்துகளைச் சேர்ப்பது இதற்காகத்தான். உள்ளே மாறினால் பெயரும் மாறும். பிரவுசர் புதிதாகக் கேட்கும்.

10. வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகள்

1. டாஸ்க் ரன்னருக்கும் பண்ட்லருக்கும் என்ன வேறுபாடு?
2. கிரண்டைவிடக் கல்ப் டிஸ்கைக் குறைவாகப் பயன்படுத்துவது எப்படி?
3. ஒரு வேலையை மறுபடி செய்ய வேண்டுமா என்பதை மேக் எதை வைத்து முடிவு செய்கிறது?
4. உங்கள் புராஜெக்ட்டுக்கு இந்த டூலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

நான்காவது கேள்விக்கு "எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்பது பதிலாகாது. "என் புராஜெக்ட்டில் இன்னின்ன வேலைகள், இந்த வரிசை, இதில் அடிக்கடி மாறுவது இது, அதனால் இந்த டூல்" என்று சொல்பவரைக் கேட்பவர் மதிப்பார்.

முடிவுரை

ஜேக்வெரியையே எடுத்துக்கொள்வோம். முதலில் மேக் ஃபைலால் பில்ட் செய்யப்பட்டது. 2012-இல் கிரண்டுக்கு மாறியது. 2023-இல் பெரும்பாலான வேலைகள் கிரண்டிலிருந்தும் வெளியே எடுக்கப்பட்டன. அதேபோல 2016-இல் வந்து லட்சக்கணக்கானோர் கற்றுக்கொண்ட கிரியேட் ரியாக்ட் ஆப், புதிய புராஜெக்ட்டுகளுக்கு இனி வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. டூலின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்தச் செய்திகள் இடி. வேலையைப் புரிந்தவருக்கு ஆள் மாறியது, அவ்வளவுதான். கடைக்காலுக்குப் பிறகுதான் சுவர் என்பது எந்த மேஸ்திரி வந்தாலும் மாறாது.

எனவே நண்பர்களே, முதலில் ஒருமுறை எந்த டூலும் இல்லாமல் எல்லா வேலையையும் கையால் செய்து பாருங்கள். பிழை பார்க்கவும், சேர்க்கவும், சுருக்கவும் தனித்தனியாகக் கட்டளை கொடுங்கள். எங்கே அலுப்புத் தட்டுகிறதோ, எங்கே மறந்துபோகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு டூலைத் தேடுங்கள். அப்படித் தேடிக் கற்றதை யாரும் நம்மிடமிருந்து பழசாக்கிவிட முடியாது.

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை